துண்டில் இருக்கும் மூன்று வரி

வாசகர் கடிதம்:

வணக்கம் டொக்டர். நாங்கள் கோப்பாய்ப் பக்கம். மகளுக்கு 12 வயது, ஏழாம் தரம். போன கிழமை பாடசாலைக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸிலிருந்து வந்து பிள்ளைகளைப் பார்த்தார்கள். மகளிடம் ஒரு துண்டு கொடுத்து விட்டிருக்கிறார்கள். வலது கண் 6/18, உடல் வெளிறல், இதயத்தில் மேலதிக சத்தம் என்று எழுதி, யாழ் போதனா வைத்தியசாலையில் காட்டச் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "இது எல்லாப் பிள்ளையளுக்கும் எழுதிக் குடுக்கிறதுதான். ஒரு நிமிசம் பாத்தவைக்கு என்ன தெரியும்? வேணுமெண்டால் காசு கட்டிப் பிரைவேட்டில் நல்ல ஒரு டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டு" என்கிறா. மகளின் அப்பா கட்டாரில் வேலை. நான் தனிய நின்று என்ன செய்ய என்று தெரியவில்லை. இதய வருத்தம் என்று ஒரு பெயர் விழுந்தால் நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேசும்போது என்ன செய்வது? அவள் பாடசாலையில் தன் இல்லத்துக்கு 800 மீற்றர் ஓடுகிறவள். விளையாட்டுப் போட்டியும் வருகிறது, ஓட விடலாமா?

எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தனக்கு மாதவிலக்கு அதிகம் என்று பாடசாலைக்கு வந்த லேடி டொக்டரிடம் சொல்லியிருக்கிறாள். பெரியபிள்ளையாகி ஒரு வருடம் ஆகிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அது பெரிய கவலை. இப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, கொடுத்துவிடுகிற தண்ணிப் போத்தலும் நிரம்பினபடியே திரும்பி வருகிறது. போன வருடம் ஆறாம் தரத்தில் போட வந்த ஊசிக்கு, பிள்ளைப்பேறு பாதிக்கும் என்று ஆட்கள் சொன்னதால் நான் கையெழுத்து வைக்கவில்லை. அதுவும் பிழையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பிள்ளையைக் கொண்டு போங்கள். அவர் லீவில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வருகிற கிழமையே போங்கள். இரவோடு இரவாக ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அந்தத் துண்டைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு மறந்துபோகிற விஷயமும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதில் பாதி சரி. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு டொக்டர் செலவழிப்பது சில நிமிடம்தான். நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அது சமைக்கிற இடம் இல்லை, கொழிக்கிற இடம். சுளகில் அரிசியைப் போட்டுக் கொழிக்கிறபோது ஒவ்வொரு மணியாக எடுத்துப் பார்க்கிறோமா? தட்டித் தட்டி விட, கல் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கியது கல்லா, கறுத்த அரிசியா என்று எடுத்துப் பார்ப்பது அடுத்த வேலை. அந்த வேலைக்குத்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கிறார்களா என்பதை மகளிடமே கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர் துண்டோடு வந்தார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

டொக்டர் பார்க்க முன்னரே பாதி வேலை முடிந்திருக்கும். பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ரீச்சர்மாரும் உயரம், நிறை அளந்து, ஆறு மீற்றர் தள்ளி நிறுத்திக் கண் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். 200 பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆம் தரப் பிள்ளைகளைப் பார்ப்பது நாடு முழுவதும் உள்ள ஒழுங்கு. அதைவிடச் சின்னப் பள்ளிக்கூடம் என்றால் வருடா வருடம் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். உங்கள் மகள் ஏழாம் தரத்தில் இருப்பதால் இந்தமுறை அகப்பட்டாள். தவறவிட்டிருந்தால் அடுத்தது பத்தாம் தரம்.

கண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6/18 என்றால், வழக்கமான கண் 18 மீற்றரில் நின்று வாசிக்கிற எழுத்தை வாசிக்க உங்கள் மகளின் வலது கண்ணுக்கு 6 மீற்றருக்குக் கிட்ட வர வேண்டியிருக்கிறது. இந்த வயதில் பெரும்பாலும் கண்ணாடியோடு தீர்கிற விஷயம். இடது கண் நன்றாகத் தெரிவதால் இத்தனை நாளும் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை, அவளுக்கே விளங்கியிருக்காது. வரிசையில் நிற்கிற பிள்ளைகள் முன்னால் நிற்பவர் வாசிப்பதைக் கேட்டு அட்டையைப் பாடமாக்கிவிடுவார்கள். சிலர் கண்ணைப் பொத்திய விரலின் இடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் தாண்டி 6/18 என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் யாரோ கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும் என்று யாராவது சொன்னால் காதில் விழுத்தாதீர்கள். முதல்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு பிள்ளை, பனையில் ஓலை ஓலையாகத் தெரிகிறது என்று நின்று பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம். அதற்கு அதுவரை பனை என்றால் ஒரு பச்சைக் குவியல்.

இனி மற்ற இரண்டு வரி. வெளிறல், இதயத்தில் சத்தம். இந்த இரண்டையும், மகள் டொக்டரிடம் சொன்னதையும் நீங்கள் மூன்று தனித்தனிக் கவலையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கதையாக இருக்கலாம் என்று படுகிறது.

கோப்பாய்ப் பக்கம் என்றால் தோட்டத்துக்குத் தண்ணி மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டரைக் கூட்டிவிட்டால் வாய்க்கால் சலசலக்கும். வாய்க்காலில் உடைப்பு ஒன்றும் இல்லை, தண்ணி வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் இருக்கிற கொஞ்ச இரத்தத்தை வைத்தே உடம்புக்குப் போதிய ஒட்சிசன் கொடுக்க இதயம் கூடுதலாக அடித்து இறைக்கும். நீர்த்த இரத்தம் வேகமாக ஓட, குழாய் வைத்துக் கேட்கிறவர் காதில் ஒரு சத்தம் விழும். மாதாமாதம் இரத்தம் கூடப் போகிறது, அதனால் வெளிறல், வெளிறலால் சத்தம். இப்படி இருந்தால் இதயத்தில் ஒரு பிழையும் இல்லை. இந்த இரத்தக் குறைவை, அதாவது சோகையை, திருத்தினால் சத்தமும் அடங்கும். சோகை இல்லாமலே, வளர்கிற வயதில் நல்ல இதயத்திலும் இப்படிச் சத்தம் கேட்பதுண்டு. அது குற்றமில்லாத சத்தம்.

ஆனால் "இருக்கலாம்" என்பதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியாது. பிறக்கும்போதே இதயச் சுவரில் இருந்த சின்ன ஓட்டை சில பிள்ளைகளில் ஒரு தொல்லையும் தராமல் பள்ளிக்கூட வயதுவரை ஒளிந்திருக்கும். இன்னொன்று வாதக்காய்ச்சல். தொண்டை நோவோடு காய்ச்சல் வந்து மாறி, சில கிழமையில் முழங்கால், கணுக்கால் என்று மாறி மாறி வீங்கி நோகும். வீட்டில் ஓடி விழுந்த நோ என்று எண்ணெய் பூசிவிடுவோம். மூட்டு சுகமாகிவிடும், இதயத்தின் வால்வு பழுதாகிவிடும். கண்டுபிடித்தால் மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டு மேலும் பழுதாகாமல் காக்கலாம். மகளுக்கு அப்படி மூட்டு வீங்கியது உண்டா என்று யோசித்து, உண்டென்றால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எது என்று பிரித்துச் சொல்வது எக்கோ. நெஞ்சில் ஜெல் பூசி ஒரு கருவியை வைத்து ஸ்கான் பண்ணுவார்கள், நோகாது, ஊசி இல்லை. அதோடு ஒரு இரத்தப் பரிசோதனை. 12 வயதுப் பெண்பிள்ளைக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை.

ஓட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எக்கோ முடியும்வரை 800 மீற்றர்ப் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். நடக்கலாம், சைக்கிளில் போகலாம், வீட்டில் அடுப்படி வேலைக்கும் தடை இல்லை (அதைச் சாட்டாக வைத்துத் தப்ப விடாதீர்கள்). ஓடும்போது மயங்கி விழுவது, நெஞ்சு நோ, மூச்சு எடுக்க முடியாமை, உதடு நீலமாவது, இவற்றில் ஒன்று நடந்தால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசு இல்லாமல் வரும். எக்கோ சரி என்று வந்துவிட்டால், சோகைக்கு மருந்து எடுத்துக்கொண்டே எப்போது திரும்ப ஓடலாம் என்பதை அந்த டொக்டரே சொல்வார். போட்டி இந்த வருடம் தவறினாலும் அடுத்த வருடமும் இல்லம் இருக்கும்.

கலியாணம். 12 வயதுப் பிள்ளையின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கலியாணத்தை நினைக்கிறீர்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, ஊர் எப்படி என்று தெரிந்துதானே எழுதுகிறீர்கள் என்று ஆறினேன். சொல்கிறேன், கேளுங்கள். பார்க்காமல் விட்டால் பெயர் விழாது, வருத்தம்தான் வளரும். ஓட்டை ஒன்று இருந்து அதைப் பன்னிரண்டு வயதில் கண்டால் அடைக்கலாம். இருபத்தைந்தில், வயிற்றில் பிள்ளையோடு மூச்சு வாங்கும்போது கண்டால் அதுதான் பெரிய பாடு. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சருக்குத் தெரிய வேண்டியது பிள்ளையை முன் வாங்கில் இருத்த வேண்டும், இப்போதைக்கு ஓட விடக்கூடாது என்ற இரண்டு விஷயம்தான். மற்றதை ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

இனி, உங்களுக்கு உண்மையில் நொந்தது எதுவோ அதற்கு வருகிறேன். "என்னிடம் சொல்லாததை ஆரோ ஒரு டொக்டரிடம் சொல்லியிருக்கிறாள்."

தங்கச்சி, அவள் சொன்னதே பெரிய காரியம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைப்புக்கு ஒரு பழைய சேலை, அதற்கு அந்தப் பக்கம் வரிசை. உள்ளே வந்த பிள்ளையிடம் கொப்பியைப் பார்த்தபடியே சத்தமாக, "மாதவிலக்கு ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். வெளியே வரிசை முழுக்கக் கெக்கட்டம். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றது. அதற்குப் பின்னால் வந்த முப்பது பிள்ளைகளும் "ஓம்" என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு என் படிவத்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. பிழை என்னுடையது. உங்கள் மகளைப் பார்த்த டொக்டர் என்னைவிடக் கெட்டிக்காரி, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறா போல.

எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் ஒருக்கால் யோசியுங்கள். பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடிக்கிறோம், வீடியோக்காரரைக் கூப்பிடுகிறோம், கனடாவில் இருக்கிற மாமாவுக்கும் படம் போகிறது. உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பிள்ளையோடு அதைப் பற்றிக் கதைக்க வீட்டில் ஒருத்தரும் இல்லை. எத்தனை நாள் போகிறது, எத்தனை பாட் மாற்றுகிறாள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்காததைச் சொல்லவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். குறை சொல்வதற்காக எழுதவில்லை, உங்கள் அம்மாவும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டா.

இப்போது கேளுங்கள், ஆனால் விசாரணை மாதிரி வேண்டாம். ஒரு கொப்பியில் வந்த நாளும் நின்ற நாளும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டொரு வருடம் நாள் முன்னே பின்னே வரும், 21 நாளிலிருந்து 45 நாள்வரை எதுவும் இந்த வயதுக்கு வழமைதான். ஏழு நாளுக்கு மேல் நீண்டால், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் பாட் நனைந்து மாற்ற வேண்டி வந்தால், பெரிய கட்டியாகப் போனால், அது அதிகம். முதல் தடவையிலிருந்தே அப்படி என்றால், அல்லது மூக்கால் இரத்தம் வடிகிற, பல்லுப் பிடுங்கினால் இரத்தம் நிற்காத ஆட்கள் உங்கள் இரண்டு பக்கக் குடும்பத்தில் ஏதாவது ஒன்றில் இருந்தால், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறைவதில் பரம்பரைக் குறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒன்று கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையை அவள் விழுங்குகிறாளா, யன்னலால் எறிகிறாளா? எறிகிற பிள்ளைகள் கனபேர், ஏனென்றால் வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தக் குளிசை சோகை வராமல் தடுக்கிற அளவுதான், வந்த சோகையை மாற்றப் போதாது, அதற்கு டொக்டர் தருவது வேறு அளவு. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடும் குளிசையோடும் குடிக்க விடாதீர்கள், இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். சோற்றோடு முருங்கையிலை, மீன், பிறகு ஒரு நெல்லிக்காய் அல்லது தேசிக்காய்த் தண்ணி, இது எங்களுக்குக் கிடைக்காத சாமான் இல்லை.

துண்டில் பல்லைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனாலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் 13 வயதுவரை பார்ப்பார்கள். அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது, கடைவாய்ப் பல்லை ஒருக்கால் காட்டிவிடுங்கள்.

ஊசி. ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு 2017 இலிருந்து போடுவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி. பிள்ளைப்பேற்றுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கை கொஞ்சம் நோகும், சில பிள்ளைகள் பயத்தில் மயங்குவார்கள், அதனால் இருத்தி வைத்துப் போடுவார்கள். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011 இல் ஆட்கள் நடந்து காசு சேர்த்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியது உங்களுக்கும் தெரியும். அங்கே போகத் தேவையில்லாமல் செய்கிற ஊசிக்குக் கையெழுத்து வைக்காமல் விட்டது பிழைதான். ஆனால் திருத்தலாம். உங்கள் எம்.ஓ.எச். ஒஃபிஸுக்குப் போய், போன வருடம் தவறிவிட்டது என்று சொல்லிக் கேளுங்கள்.

சனல் பண்ணுவதா என்று கேட்டால், தேவையில்லை. துண்டோடு போனால் போதனா வைத்தியசாலையிலேயே கண்ணுக்கும் பிள்ளை வைத்தியருக்கும் அனுப்புவார்கள். எக்கோவும் அங்கேயே, காசு இல்லாமல். பிறந்த நாளிலிருந்து வைத்திருக்கிற கிளினிக் கார்டையும் கொண்டு போங்கள். காலையில் நேரத்தோடு போய் நம்பர் எடுத்தால் வெயிலுக்கு முன் வீடு வரலாம், அல்லாவிட்டால் மத்தியானம் தாண்டும் என்று சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு போங்கள். காசு செலவழித்துச் சனலில் காட்டினாலும் பிழையில்லை, ஆனால் எங்கே காட்டினாலும் என்ன கண்டார்கள் என்று எழுதி வாங்கி வந்து வகுப்பு ரீச்சரிடமோ பி.எச்.ஐ.யிடமோ கொடுங்கள். அந்தப் பதில் திரும்பி வராத துண்டுகள்தான் எங்கள் வேலையில் அரைவாசியை வீணாக்குபவை. அங்கே டொக்டர் பிள்ளையோடு தனியக் கதைக்க வேண்டும் என்று சொன்னால் கோபிக்காமல் வெளியே வந்து இருங்கள்.

கடைசியாகத் தண்ணிப் போத்தல். பெண்பிள்ளைகளின் போத்தல் நிரம்பினபடி திரும்பி வந்தால் நான் முதலில் யோசிப்பது அந்தப் பள்ளிக்கூடத்து மலசலகூடத்தைத்தான். கதவுக்குக் கொழுக்கி இல்லை, வாளியில் தண்ணி இல்லை, பாட் போட ஒரு கூடை இல்லை என்றால் பிள்ளை காலை ஏழரையிலிருந்து ஒன்றரைவரை தண்ணி குடிக்காமல், போகாமல் அடக்கிக்கொண்டு இருக்கும். தலையிடி, சலக்கடுப்பு எல்லாம் அதிலிருந்துதான். மாதவிலக்கு அதிகமான பிள்ளைக்கு அது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். நாளைக்குப் பின்னேரம் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் குடிக்கேல்லை?" என்று கத்தாதீர்கள். "பள்ளிக்கூடத்து ரொய்லெட் எப்பிடி இருக்கு பிள்ளை?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவவுக்கு நல்ல குரல் இருக்கும் போலத் தெரிகிறது.